டெவில்ஸ் லேக் ஏரிக்கரையில் கூடாரம் போட்டுத் தங்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விஸ்கான்சின் மாநிலத்தில் பாராபூ என்ற சிற்றூருக்குத் தெற்கே இருக்கிறது டெவில்ஸ் லேக் மாநிலப் பூங்கா. சிகாகோ, மில்வாக்கி, மேடிசன் பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் கோடை வந்தால் பகல்பொழுதுக்கு இங்கே போய்வருவது வழக்கம். இரவு தங்கலாமா என்ற பேச்சு எழும்போது மட்டும் நூறு தயக்கங்கள் முளைக்கும். நண்பர்களும் உறவினர்களும் என்னிடம் கேட்கும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

பகலில் போய்விட்டுத் திரும்பலாமே, எதற்காக இரவு தங்க வேண்டும்?

பகலில் நீங்கள் பார்ப்பது கூட்டத்தைத்தான். விஸ்கான்சின் மாநிலப் பூங்காக்களிலேயே அதிக மக்கள் வருவது இங்கேதான். ஜூலை மாதத்துச் சனிக்கிழமை பதினோரு மணிக்கு வந்தால் வண்டி நிறுத்த இடம் தேடுவதிலேயே பாதி உற்சாகம் வடிந்துவிடும். கரையில் பாய் விரிக்க இடமிருக்காது. நான்கு மணிக்குப் பிள்ளைகள் களைத்துப்போவார்கள். அதன்பின் சிகாகோவுக்கு மூன்று மணி நேரப் பயணம்.

மாலை ஏழு மணிக்குமேல் பகல்கூட்டம் கலைந்ததும் ஏரி வேறு முகம் காட்டுகிறது. மேற்குப் பாறைச்சரிவின் நிழல் மெல்ல நீரைக் கடந்து கிழக்குக் கரைக்கு ஏறுகிறது. விடியற்காலையில் நீர்மேல் ஆவி தவழும், காற்றே இருக்காது, மீன்பிடிக்க வந்தவரின் தூண்டில் விழும் ஓசைகூடக் கேட்கும். இந்த இரண்டு பொழுதுகளும் தங்குகிறவர்களுக்கு மட்டுமே கிடைப்பவை. ஆகவே என் யோசனை: ஒரு இரவல்ல, இரண்டு இரவுகள் தங்குங்கள். முதல் நாள் கூடாரம் அடிப்பதிலும் சமைப்பதிலும் போய்விடும். இடையில் முழுதாய் ஒரு நாள் இருந்தால்தான் மனம் அங்கே வந்துசேரும்.

இடம் பதிவு செய்வது எப்படி? எப்போது பார்த்தாலும் நிரம்பியிருக்கிறதே?

விஸ்கான்சின் மாநிலப் பூங்காக்களில் 11 மாதங்களுக்கு முன்பே இணையத்தில் பதிவு செய்யலாம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரையான வார இறுதிகள் பதிவு திறந்த சில நாட்களிலேயே போய்விடுகின்றன. இதற்கு மூன்று வழிகள் உண்டு. ஒன்று, தேதியை முன்கூட்டியே முடிவு செய்து 11 மாதக் கணக்கைப் பார்த்து உட்காருவது. இரண்டு, ஞாயிறு முதல் வியாழன் வரையான இரவுகளைத் தேர்வது. கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லை, உங்களுக்கு இரண்டு நாள் விடுப்பு கிடைத்தால் போதும். மூன்று, மற்றவர்கள் ரத்து செய்யும் இடங்களுக்காகப் பயணத்துக்கு முந்தைய பத்து நாட்களில் அடிக்கடி பார்ப்பது. வானிலை முன்னறிவிப்பில் மழை என்று வந்தவுடன் பலர் கைவிட்டுவிடுவார்கள். காலையில் சற்றுத் தூறிவிட்டு மதியம் வெயிலடிக்கும் நாட்கள் அங்கே நிறைய.

செப்டம்பர் மாதத்தின் முதல் திங்கட்கிழமையில் வரும் தொழிலாளர் தின விடுமுறை முடிந்ததும் நெரிசல் குறையும். கொசுவும் குறையும். எனக்குப் பிடித்த காலம் அதுதான்.

முகாம் கட்டணம் வேறு, வண்டிக்கான நுழைவு ஸ்டிக்கர் வேறு. இரண்டும் வாங்க வேண்டும். வெளிமாநிலப் பதிவெண் கொண்ட வண்டிகளுக்குக் கட்டணம் கூடுதல், ஆகவே இல்லினாயிலிருந்து வருகிறவர்கள் அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மூன்று முகாம்தளங்கள் இருக்கின்றனவே, எது நல்லது?

முதலில் ஒரு தெளிவு. ஏரிக்கரை முகாம் என்றதும் கூடாரத்தின் வாசலைத் திறந்தால் தண்ணீர் என்று எண்ணிக்கொள்ளாதீர்கள். இங்கே எந்த இடமும் நீரை ஒட்டி இல்லை. எல்லாம் ஏரிக்கு வடகிழக்கே, நடந்தோ வண்டியிலோ போகும் தொலைவில் இருக்கின்றன.

குவார்ட்சைட் தளம் வடகரைக்கு மிக அருகில் இருக்கிறது. வெட்டவெளி, மரநிழல் குறைவு, மின்வசதி உள்ள இடங்கள் உண்டு, வண்டிவீடுகள் அதிகம். பாட்டி தாத்தாவை அழைத்துவந்தால், கைக்குழந்தை இருந்தால், நடக்கும் தூரம் குறைவு என்பதற்காகவே இதைத் தேர்ந்தெடுக்கலாம். ஐஸ் ஏஜ் தளம் மரங்கள் அடர்ந்தது, ஏரிக்குத் தொலைவு, பெரும்பாலும் கூடாரவாசிகள். காட்டுக்குள் தூங்கும் உணர்வு வேண்டுமென்றால் அங்கே போங்கள். நார்தர்ன் லைட்ஸ் இரண்டுக்கும் நடுவில்: கொஞ்சம் வெயில், கொஞ்சம் நிழல்.

எந்தத் தளமானாலும் வரைபடத்தில் கழிப்பறைக் கட்டடம் எங்கே என்று பாருங்கள். அதற்கு எதிரிலேயே இடம் எடுத்தால் இரவு முழுவதும் விளக்கொளியும் கதவுச் சத்தமும். மிகத் தொலைவில் எடுத்தால் நள்ளிரவில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். நான்கைந்து இடங்கள் தள்ளி இருப்பதே சரி.

கழிப்பறையும் குளியலறையும் எப்படி இருக்கும்? ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள்.

தண்ணீர் வரும் கழிப்பறைகளும் வெந்நீர்க் குளியலறைகளும் கோடையில் உண்டு. இவை தவிரக் குழி வகைக் கழிப்பறைகளும் ஆங்காங்கே இருக்கும். ஒரு கைக்குவளையும் ரப்பர் செருப்பும் கொண்டுபோனால் பெரியவர்களின் பாதிக் கவலை தீரும். குளிக்க ஏற்ற நேரம் பிற்பகல் மூன்று மணி, எல்லோரும் ஏரியில் இருக்கும் நேரம். காலை எட்டு மணிக்கு வரிசை நீளமாக இருக்கும்.

பெரியவர்களுக்குத் தரையில் படுத்து எழுவது கடினம். மடக்குக் கட்டில் இப்போது எளிதாகக் கிடைக்கிறது, அது உள்ளே நுழையும் உயரமான கூடாரமாகப் பாருங்கள். முழங்கால் வலி இருக்கிறவர்கள் குனிந்து நுழையும் சிறு கூடாரத்தில் இரண்டு இரவுகள் அவதிப்பட வேண்டாம். அவர்களுக்கு ஒரு நல்ல நாற்காலி, ஒரு சால்வை, அருகில் ஒரு விளக்கு இருந்தால் போதும். பேரப்பிள்ளைகள் தாமாகவே சுற்றி உட்கார்ந்துகொள்வார்கள்.

இரவில் எவ்வளவு குளிரும்?

ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் இரவில் 15 டிகிரி செல்சியஸ் அளவுக்கு இறங்குவது சாதாரணம். மே, செப்டம்பர் மாதங்களில் அதைவிடப் பத்து டிகிரி குறையவும் கூடும். எண்ணைக் கேட்டு யாரும் அஞ்சுவதில்லை, அதிகாலை மூன்று மணிக்குத்தான் அதன் பொருள் புரிகிறது.

குளிர் மேலிருந்து வருவதைவிடத் தரையிலிருந்துதான் அதிகம் ஏறுகிறது. உடலின் எடையால் ஸ்லீப்பிங் பேக்கின் அடிப்பகுதி நசுங்கி, அதிலுள்ள காற்று வெளியேறிவிடுகிறது. வெப்பத்தைத் தடுத்துவைப்பது அந்தக் காற்றுதான். சாதாரணக் காற்று மெத்தையும் இதற்கு உதவாது. அதன் உள்ளே காற்று புரண்டுகொண்டே இருப்பதால் முதுகின் சூட்டைத் தரைக்குக் கடத்திவிடும். நுரைப்பாய் ஒன்றை மெத்தைக்குமேல் விரியுங்கள். இரண்டு போர்வை மேலே போடுவதைவிட ஒன்றைக் கீழே போடுவது பயன் தரும்.

ஸ்லீப்பிங் பேக்கில் அச்சிட்டிருக்கும் வெப்பநிலை பெரும்பாலும் தாங்கக்கூடிய எல்லை. சுகமாகத் தூங்கும் நிலை அதற்குச் சில டிகிரி மேலே இருக்கும். படுக்கும்முன் பகலில் போட்ட உடையை மாற்றி உலர்ந்த உடையும் உலர்ந்த காலுறையும் போட்டுக்கொள்ள வேண்டும். வியர்த்த பருத்திச் சட்டை இரவில் உடலைக் குளிரவைக்கும்.

குளிருக்காக அடுப்பையோ கரிக்கங்குத் தட்டையோ கூடாரத்துக்குள் கொண்டுபோவதை ஒருபோதும் செய்யாதீர்கள். கார்பன் மோனாக்சைடு மணமற்றது, தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். மழைக்காகக் கூடாரத்தின் முன்தாழ்வாரத்தில் சமைப்பதும் அதே ஆபத்துதான்.

கூடாரம் எப்படித் தேர்ந்தெடுப்பது?

ஆறு பேருக்கான கூடாரம் என்று பெட்டியில் எழுதியிருந்தால் நான்கு பேர் படுக்கலாம், அவ்வளவுதான். மேல்விரிப்பு தரை வரை இறங்கும் வகை மழைக்கு நல்லது. அடியில் தார்ப்பாய் போடும்போது அதன் ஓரம் கூடாரத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. நீட்டினால் மேலிருந்து வழியும் மழைநீரை அது பிடித்துக் கூடாரத்தின் அடியிலேயே தேக்கிவிடும். உள்பக்கமாக மடித்துவிடுங்கள். புதுக் கூடாரமென்றால் வீட்டுப் பின்புறத்தில் ஒருமுறை அடித்துப் பாருங்கள். இருட்டிய பிறகு, நெற்றிவிளக்கு வெளிச்சத்தில், அழும் குழந்தையை வைத்துக்கொண்டு முளைக்குச்சி எதற்கு எது என்று தேடுவது யாருக்கும் வேண்டாம்.

சாப்பாட்டுக்கு என்ன செய்வது? பிள்ளைகள் ரொட்டி மட்டும் சாப்பிட்டு இருக்கமாட்டார்கள்.

நம் வழிப்பயணச் சாப்பாட்டுக்கு நிகரான முகாம் உணவு வேறு எதுவும் கிடையாது. புளியோதரை முதல் நாள் இரவுக்கும் மறுநாள் காலைக்கும் தாங்கும். மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லி, சப்பாத்தியும் தக்காளித்தொக்கும், வறுத்த அப்பளம், ஊறுகாய். இவை ரயிலில் நாள்கணக்கில் போன தலைமுறைகள் கண்டறிந்த உணவுகள். குளிர்பெட்டியோ அடுப்போ கேட்காதவை, ஆகவே இங்கும் பொருந்துகின்றன. தயிர்சாதத்தை மட்டும் ஐஸ் நிரப்பிய பெட்டியில் வையுங்கள். காபிக்கு டிகாஷனை வீட்டிலேயே இறக்கி ஒரு பாட்டிலில் எடுத்துப்போகலாம். காலை ஆறு மணிக் குளிரில் சின்ன எரிவாயு அடுப்பில் பால் பொங்கும்போது பக்கத்துக் கூடாரத்துக்காரர்கூட எட்டிப்பார்ப்பார்.

மாலை நெருப்பில் செய்ய எளிமையான ஒன்றே ஒன்று இருந்தால் போதும். ஆகஸ்டில் விஸ்கான்சின் சாலையோரக் கடைகளில் இனிப்புச் சோளம் குவிந்திருக்கும். தோலோடு அரைமணி நேரம் நீரில் ஊறவைத்துக் கங்கின் மேல் புரட்டி எடுத்து, எலுமிச்சையும் உப்பும் மிளகாய்த்தூளும் தேய்த்துக் கொடுங்கள்.

வடை, பஜ்ஜி வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்வேன். சமமில்லாத மேசையின் மேல் கொதிக்கும் எண்ணெய், திடீர்க் காற்று, ஓடியாடும் பிள்ளைகள்: இந்த மூன்றும் ஓரிடத்தில் சேரவே கூடாது. அடுப்பு, மிக்சி, மூன்று வகைக் குழம்பு என்று வீட்டையே பெயர்த்துக்கொண்டு போனால் வீட்டில் செய்த அதே வேலையைக் குனிந்து நின்று செய்வீர்கள். அதுவும் பெரும்பாலும் பெண்கள் தலையில்தான் விழும். அம்மாவும் ஏரியைப் பார்க்கவே வந்திருக்கிறார். அதை மனதில் வைத்துப் பட்டியல் போடுங்கள்.

பாத்திரம் எங்கே கழுவுவது?

பொதுக் குழாயடியிலும் ஏரியிலும் கூடாது. ஒரு பேசினில் நீர் பிடித்துவந்து உங்கள் இடத்தில் கழுவுங்கள். சோற்றுப் பருக்கையை வடிகட்டிக் குப்பையில் போட்டுவிட்டு, கழிவுநீரைப் பூங்கா அதற்காகக் காட்டியிருக்கும் இடத்தில் ஊற்றுங்கள். மரத்தடியில் கொட்டிய சாம்பார் அன்றிரவே விருந்தாளிகளை அழைத்துவரும்.

எந்த விருந்தாளிகள்? கரடியா?

ராக்கூன்கள். இந்தப் பூங்காவின் ராக்கூன்கள் கைதேர்ந்தவை. முன்கால் விரல்களால் ஐஸ்பெட்டியின் மூடியைத் திறக்கும், பையின் ஜிப்பை இழுக்கும். மனிதர்கள் நெருப்பைச் சுற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போதே பின்னால் மேசையைக் காலி செய்துவிடும். உணவு, குப்பைப்பை, பற்பசை வரை வாசனையுள்ள எதையும் இரவில் காருக்குள் பூட்டிவிட வேண்டும். கூடாரத்துக்குள் ஒரு பிஸ்கட் பொட்டலம்கூட இருக்கக் கூடாது, அதற்காகக் கூடாரத் துணியையே கிழிக்கும். பாவம் என்று பிள்ளைகள் எதையும் வீசிப்போடவும் விடாதீர்கள்.

விலங்கைவிட நான் அதிகம் கவலைப்படுவது உண்ணியைப் பற்றி. விஸ்கான்சினில் மான் உண்ணி லைம் நோயைப் பரப்புகிறது. அதன் இளம்பருவம் கசகசா விதை அளவே இருக்கும். புல்வெளியிலும் புதரோரத்திலும் நடந்துவந்த பிறகு, தினமும் இரவு, முழங்காலின் பின்புறம், இடுப்பு, அக்குள், காதின் பின்புறம், தலைமுடி எல்லாவற்றையும் தடவிப் பாருங்கள். கடித்திருந்தால் நுனி கூரான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தெடுக்க வேண்டும். எண்ணெய் தடவுவது, தீயால் சுடுவது போன்ற கைவைத்தியங்கள் வேண்டாம். பின்னர் காய்ச்சலோ வளையமாகச் சிவப்புத் தடிப்போ வந்தால் மருத்துவரிடம் உண்ணிக்கடியைச் சொல்லுங்கள்.

பாறைச்சரிவுகளில் விரியன் வகையைச் சேர்ந்த, டிம்பர் ராட்டில்ஸ்நேக் எனப்படும் வால்கிலுக்கிப் பாம்பும் உண்டு. அரிதாகவே கண்ணில் படும். பாறை இடுக்கில் கையை விடாமலிருந்தால் போதும். மூன்று மூன்று இலையாக வரும் பாய்சன் ஐவி என்ற கொடி பாதையோரங்களில் சாதாரணம். பட்டால் தோல் அரித்துக் கொப்புளிக்கும். பிள்ளைகளுக்கு முதல் நாளே அதைக் காட்டிக்கொடுங்கள்.

வீட்டில் விறகு இருக்கிறது, எடுத்துப்போகலாமா?

கூடாது. 10 மைலுக்குள் கிடைத்த விறகு, அல்லது மாநில அரசின் சான்றிதழ் பெற்ற விறகு மட்டுமே அனுமதி. பூங்காவிலும் பாராபூவைச் சுற்றியும் கட்டுகட்டாகக் கிடைக்கும்.

காரணம் ஒரு பச்சை வண்டு. ஆசியாவிலிருந்து வந்து 2002-இல் மிச்சிகனில் கண்டறியப்பட்ட எமரால்ட் ஆஷ் போரர், ஆஷ் மரத்தின் பட்டைக்கடியில் புழுவாக வளர்ந்து நீரோட்டத்தை அறுத்துவிடுகிறது. தானாகப் பறந்து அது அதிக தூரம் போவதில்லை. மாநிலம் மாநிலமாக அதைச் சுமந்துபோனது மனிதர்களின் காரில் இருந்த விறகுதான். 2008-இல் விஸ்கான்சினுக்கும் வந்துவிட்டது. கோடிக்கணக்கான மரங்கள் போய்விட்டன. ஒரு கட்டு விறகுக்கான சில டாலரை அங்கேயே கொடுத்து வாங்குங்கள்.

தீயை இரும்பு வளையத்துக்குள் மட்டும் மூட்ட வேண்டும். படுக்கும்முன் நீரூற்றிக் கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையை அருகில் வைத்துச் சூடில்லை என்று பார்த்த பிறகே கூடாரத்துக்குள் போங்கள்.

ஏரியில் நீந்தலாமா?

வடகரை, தென்கரை இரண்டிலும் மணல் பரந்த கரைகள் உண்டு. ஓரத்தில் ஆழம் குறைவு, பிள்ளைகளுக்கு ஏற்றது. உயிர்காப்பாளர் யாரும் கிடையாது. ஆகவே நீரில் பிள்ளைகள் இருக்கும்வரை பெரியவர் ஒருவர் கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டு அவர்களையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், முறைவைத்துக்கொள்ளுங்கள். நீச்சல் தெரியாதவர்கள் நம்மில் அதிகம். கயாக்கில் ஏறும் ஒவ்வொருவரும் மிதவைச்சட்டையை மாட்டிக் கொக்கியையும் பூட்டியிருக்க வேண்டும்.

பெட்ரோல் மோட்டார்ப் படகுகளுக்கு இந்த ஏரியில் தடை, மின்மோட்டார் மட்டுமே ஓடலாம். அதனால்தான் இத்தனை மக்களுக்கு நடுவிலும் நீர்ப்பரப்பு அமைதியாக இருக்கிறது. கயாக்கும் துடுப்புப் படகும் வாடகைக்குக் கிடைக்கும். காலையிலேயே எடுங்கள்.

குளித்துவிட்டு வந்தபின் சிலருக்குச் சிறுசிறு சிவப்புப் புள்ளிகளும் அரிப்பும் வரும். நீர்ப்பறவைகளுக்கும் நத்தைகளுக்கும் இடையே வாழும் ஒட்டுண்ணியின் குஞ்சுகள் மனிதத் தோலில் தவறிப்போய் நுழைந்து இறப்பதால் வருவது அது. தொற்றாது, சில நாட்களில் தானே மறையும். நீரைவிட்டு வெளியே வந்தவுடன் துண்டால் அழுத்தித் துடைத்தால் பெரிதும் தவிர்க்கலாம். வெயிலில் தானாக உலரவிடுவதுதான் தவறு.

இந்த ஏரிக்கு இருபுறமும் இப்படிச் செங்குத்தாகப் பாறைகள் எப்படி வந்தன?

இந்தக் கேள்வியைப் பிள்ளைகள்தான் கேட்பார்கள், அவர்களுக்கு முழுப்பதில் சொல்ல வேண்டும்.

ஏறத்தாழ 170 கோடி ஆண்டுகளுக்கு முன்பு இங்கே ஆழமற்ற நீர்ப்பரப்பும் மணலும் இருந்தன. அந்த மணல் புதைந்து, அழுந்தி, சூடேறி குவார்ட்சைட் என்னும் மிகக் கடினமான பாறையானது. இரும்பு கலந்திருப்பதால் இளஞ்சிவப்பும் கருஞ்சிவப்புமான நிறம். சில பாறைகளின் முகத்தில் அலையலையான வரிகள் தெரியும். அவை அந்தப் பழைய மணலின்மேல் நீர் அசைந்த தடங்கள். கையை வைத்துத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள்.

பின்னர் ஒரு ஆறு இந்தப் பாறையை அறுத்துப் பள்ளத்தாக்கு அமைத்தது. கடைசிப் பனிக்காலத்தில், ஏறத்தாழ 15,000 முதல் 20,000 ஆண்டுகளுக்கு முன், வடகிழக்கிலிருந்து பனிப்பாளம் ஊர்ந்துவந்து சரியாக இந்த இடத்தில் நின்றது. தான் சுமந்துவந்த மண்ணையும் கல்லையும் பள்ளத்தாக்கின் இரண்டு வாய்களிலும் குவித்துவிட்டது. ஆறு வேறு வழி பார்த்துக்கொண்டு போனது. நடுவில் அடைபட்ட பகுதியில் நீர் தேங்கி ஏரியானது. சுமார் 360 ஏக்கர், அதிக ஆழம் 47 அடி அளவில். இதிலிருந்து மேற்பரப்பில் எந்த ஆறும் வெளியே ஓடுவதில்லை, நீர் மண்ணில் கசிந்தே போகிறது.

பாறைச்சரிவுகள் ஏரியின்மேல் 500 அடி உயர்ந்து நிற்கின்றன. விரிசல்களில் புகுந்த நீர் உறைந்து விரிந்து பாறைகளைப் பிளந்து உருட்டிவிட்டதால் அடிவாரமெங்கும் கற்குவியல். மேற்குக் கரையில் அந்தக் குவியலுக்கு நடுவே போகும் டம்பிள்டு ராக்ஸ் பாதை பெரிதும் சமமானது, பெரியவர்களுக்கும் ஏற்றது. கிழக்குச் சரிவில் பேலன்ஸ்டு ராக், டெவில்ஸ் டோர்வே என்னும் பாறைகளைக் காணக் கற்படிகளில் மூச்சுவாங்க ஏற வேண்டும். அந்தப் படிகளில் பலவற்றை அமைத்தவர்கள் 1935 முதல் 1941 வரை இங்கே முகாமிட்டிருந்த வேலையற்ற இளைஞர்கள். பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் அரசு தொடங்கிய இயற்கை வளப் பாதுகாப்புப் படையில் (சிவிலியன் கன்சர்வேஷன் கார்ப்ஸ்) சேர்ந்து வெறுங்கையாலும் கடப்பாரையாலும் கல் அடுக்கினார்கள். ஏறும்போது அவர்களை நினைத்துக்கொள்வது என் வழக்கம்.

உச்சியில் கைப்பிடிக் கம்பி கிடையாது. படம் எடுப்பதற்காக விளிம்புக்குப் போக வேண்டாம். மழை பெய்த பாறை எண்ணெய் தடவியதுபோல வழுக்கும். பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டே நடங்கள்.

கரையில் மேடுமேடாகத் தெரிகிறதே, ஏறி விளையாடலாமா?

கூடாது. அவை விலங்குகள், பறவைகளின் வடிவில் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு அப்பகுதியின் தொல்குடிகள் எழுப்பிய மண்மேடுகள். தென்கிழக்கு மூலையில் சிறகு விரித்த பறவை மேடு ஒன்று இருக்கிறது. ஹோ-சங்க் மக்களுக்கு இந்த ஏரி புனிதமானது, இன்றும் அப்படித்தான். நம் ஊர்க் குளக்கரையில் ஒரு நடுகல்லைச் சுற்றி எப்படி நடப்போமோ அப்படி நடந்தால் போதும்.

இரவில் ரயில் சத்தம் கேட்கும் என்கிறார்களே?

கேட்கும். 1873-இல் வந்த இருப்புப்பாதை கிழக்குக் கரையை ஒட்டிப் போகிறது. அந்த ரயிலில் வந்த பயணிகளுக்காக அப்போது கரையில் விடுதிகள்கூட இருந்தன. மாநிலப் பூங்காவானது 1911-இல். இப்போது சரக்கு ரயில்கள் போகின்றன. லேசான தூக்கம் உள்ளவர்கள் காதடைப்பான் கொண்டுபோகலாம். தண்டவாளத்தில் நடப்பதும் படமெடுப்பதும் சட்டப்படி குற்றம், ஆபத்தும்கூட.

நாங்கள் ஐந்து குடும்பங்கள். பாட்டும் அந்தாக்ஷரியுமாக இரவைக் கழிக்கலாமா?

ஒரு இடத்தில் ஒரு குடும்பம், குடும்பம் அல்லாதவர்கள் என்றால் 6 பேர். ஐந்து குடும்பங்கள் ஒரே இடத்தில் நெருக்கியடித்துக்கொள்ள முடியாது. அடுத்தடுத்த இடங்களை எடுங்கள், அல்லது குழுக்களுக்கென்று இருக்கும் தனித்தளத்தைப் பதிவு செய்யுங்கள்.

இரவு 11 மணி முதல் காலை 6 மணி வரை அமைதி நேரம். ஆனால் பக்கத்துக் கூடாரத்தில் எட்டு மணிக்கே ஒரு குழந்தை தூங்கப் போயிருக்கலாம். இடையில் இருப்பது துணிச்சுவர்தான், உங்கள் இயல்பான பேச்சே அங்கே சொல் சொல்லாகக் கேட்கும். பாடுங்கள், தாராளமாகப் பாடுங்கள், மாலை ஏழு மணிக்கு, ஒலிபெருக்கி இல்லாமல், சொந்தக் குரலில். இருட்டியபின் குரலைத் தாழ்த்திக் கதை சொல்லுங்கள். ஜூன் கடைசியிலும் ஜூலையிலும் புதரோரங்களில் மின்மினிகள் எழும். நகரத்தில் வளரும் பிள்ளைகளுக்கு அதைவிடப் பெரிய நிகழ்ச்சி எதையும் நாம் ஏற்பாடு செய்துவிட முடியாது. விளக்குகளை அணைத்துவிட்டு உட்காருங்கள்.

புயல், இடிமழை வந்தால்?

இப்பகுதியில் கோடைப் பிற்பகல்களில் இடிமழை சட்டென்று வரும், சுழற்காற்று எச்சரிக்கையும் விடுப்பார்கள். எச்சரிக்கைகள் கவுண்டியின் பெயரைச் சொல்லியே வரும். நீங்கள் இருக்கும் இடம் சாக் கவுண்டி என்பதை நினைவில் வையுங்கள். மின்னல் தொடங்கினால் கூடாரம் பாதுகாப்பல்ல, மரத்தடி அதைவிட மோசம். காருக்குள் போய்க் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு இருங்கள். சுழற்காற்று என்றால் குளியலறைக் கட்டடம் போன்ற உறுதியான சுவருள்ள இடத்துக்கு ஓடுங்கள். வந்திறங்கியவுடன் அந்தக் கட்டடம் எங்கே என்று குடும்பத்தில் எல்லோருக்கும் காட்டிவிடுவது நல்லது. பள்ளத்தாக்கில் கைப்பேசித் தொடர்பு சில இடங்களில் வலுவிழக்கும், ஆகவே மின்கலத்தில் ஓடும் சிறு வானிலை வானொலி கைகொடுக்கும்.

மழையால் ஒரு நாள் வீணானால் அருகில் என்ன பார்க்கலாம்?

பாராபூவில் சர்வதேசக் கொக்கு அறக்கட்டளை இருக்கிறது, 1973-இல் தொடங்கியது. உலகிலுள்ள 15 கொக்கு இனங்களையும் ஒரே இடத்தில் காணலாம், நம் வட இந்திய வயல்களில் நடமாடும் சாரஸ் கொக்கு உட்பட. ஆளுயரம் நிற்கும் அந்தப் பறவை கழுத்தை நிமிர்த்திக் கூவும்போது குழந்தைகள் வாயடைத்துப்போவார்கள். அதே ஊரில் ரிங்லிங் சகோதரர்களின் சர்க்கஸ் 1884 முதல் 1918 வரை குளிர்காலத்தில் தங்கிய கட்டடங்கள் அருங்காட்சியகமாக இருக்கின்றன. பழைய சர்க்கஸ் தேர்களின் மரச்செதுக்கு வேலைகள் பார்க்க வேண்டியவை. மழை விட்டபின் மெரிமாக் போனால் வண்டியோடு விஸ்கான்சின் ஆற்றைக் கடக்கும் இலவசப் படகு இருக்கிறது, குளிர்காலத்தில் மட்டும் ஓடாது. சிகாகோ திரும்பும் வழியாகவும் அதை வைத்துக்கொள்ளலாம். விடுமுறை நாட்களில் வரிசை நீளும் என்பதால் காலை பத்து மணிக்குள் போய்விடுங்கள்.